சூடு நிற்காத வீடு: காக்ஸ் டவுன் பங்களா ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வீடு ஒழுகுகிறது என்று அழைப்பார்கள். கரையான் ஏறிவிட்டது என்று அழைப்பார்கள். பக்கத்து மனையில் தோண்டியதால் சுவரில் விரிசல் என்று அழைப்பார்கள். வீட்டுக்குள் குளிர் தாங்கவில்லை என்று பெங்களூரில் ஒரு கட்டடப் பொறியாளரை அழைப்பவர்கள் அபூர்வம். காக்ஸ் டவுனின் பழைய தெரு ஒன்றில் வசிக்கும் அந்த முதிய தம்பதி அப்படித்தான் அழைத்தார்கள். ஐயா ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு மூட்டுவலி, கூடவே இழுப்பு. டிசம்பரில் தொடங்கி மாசி பிறக்கும்வரை படுக்கையறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று என்று 2000 வாட் எண்ணெய் ஹீட்டர்கள் இரண்டு ஓடுகின்றன. மின்கட்டணம் ஏறுகிறது, குளிர் இறங்கவில்லை. ஐயாவின் கேள்வி நேரடியானது: இன்னும் பெரிய ஹீட்டராக வாங்குவதா, மகன் சொல்வதுபோல் சுவர்களுக்கு உள்பக்கம் வெப்பத்தடுப்புப் பலகை அடித்துவிடுவதா?

மகன் கனடாவில் இருக்கிறார். அந்த ஊரின் வீடுகளுக்கு அது சரியான யோசனை. இந்த வீட்டுக்கு ஏன் அது கேடு என்பதை விளக்குவதிலேயே இந்த ஆய்வின் பாதி அடங்கிவிடும்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். அது 1884 ஜனவரி 13. வழக்கமான ஜனவரியில் அதிகாலை 15, 16 டிகிரி, நண்பகலில் 27 டிகிரி. உறைபனி ஊர்களோடு ஒப்பிட்டால் இது குளிரே அல்ல. இந்த 27 என்ற எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே தினமும் நண்பகலில் 27 டிகிரி இருக்கும் ஊரில், ஒரு வீட்டின் உள்சுவர் மாலை நான்கு மணிக்கும் தொட்டால் சில்லென்று இருக்கிறது என்றால் குற்றம் வானிலையின் மேல் இல்லை.

வீடு எப்படிப்பட்டது

1898இல் வந்த பிளேக்கிற்குப் பிறகு நெரிசலைக் குறைக்க, ராணுவக் குடியிருப்பான கன்டோன்மென்ட்டின் வடகிழக்கே புதிய குடியிருப்புகள் விரிந்தன. ஃபிரேசர் டவுன், காக்ஸ் டவுன், குக் டவுன் எல்லாம் அந்த விரிவின் பகுதிகள். இந்த வீடு அதற்குச் சற்றுப் பிந்தியது. ஒற்றைத் தளம். முன்னால் வராண்டா, அதன் முகப்பிலும் ஜன்னல்களின் மேலும் இங்கே எல்லோரும் மங்கி டாப் என்று சொல்லும் கூரான மரச் சட்டக் கூடாரம். நடுவில் பெரிய கூடம், அதற்கு மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய தட்டைக் கூரை. இரு பக்க அறைகளுக்கும் சமையலறைக்கும் மங்களூர் ஓடு. கூடத்தில் ஒரு கணப்பு அடுப்பு, அதன் புகைபோக்கி கூரைக்கு மேல் இன்னும் நிற்கிறது. அடுப்பு வாயைப் பிளைவுட் அறைந்து மூடி, அதன் முன்னால் தொலைக்காட்சி மேசை.

அடித்தளம் கருங்கல். அதன் மேல் 18 அங்குலச் சுவர். செங்கல்லை மண் சாந்தில் அடுக்கி, இரு பக்கமும் சுண்ணாம்புக் காரை பூசியது. இந்த வகைச் சுவரை இன்றைய பொறியாளர்கள் பலர் பலவீனமானது என்று ஒதுக்குகிறார்கள். அது பலவீனமானது அல்ல, வேறு விதமானது. சிமென்ட் சுவர் நீரை உள்ளே விடாமல் தடுக்க முயல்கிறது. மண் சாந்துச் சுவர் நீரை வாங்கிக்கொண்டு வெளியே விட்டுவிடுகிறது. வாங்குவதும் விடுவதும் சமமாக இருக்கும்வரை நூறு ஆண்டுகள் நிற்கும். விடும் வழியை அடைத்தால் வாங்கியதெல்லாம் உள்ளேயே தங்கும்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு ஒப்பந்ததாரர் புதுப்பித்தல் என்ற பெயரில் இந்த வீட்டில் செய்தவை ஒவ்வொன்றும் அந்த வழியை அடைப்பதாகவே இருந்தன. அடிச்சுவர்களின் காரை உதிர்ந்ததால் நான்கடி உயரத்துக்குச் சிமென்ட் பூச்சு. அதற்கு மேல் பிளாஸ்டிக் எமல்ஷன். சமையலறையிலும் குளியலறையிலும் ஆளுயர டைல்ஸ். செடிப் பாத்திகளை எடுத்துவிட்டு முற்றம் முழுவதும், சுவரை ஒட்டும்வரை, சிமென்ட் தளம். தூசி வருகிறது என்று கூரையடி வென்டிலேட்டர்களுக்குக் கண்ணாடி. இதற்கிடையே தெருவில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்ந்து, முன்வாசல் இப்போது தெருவை விடத் தாழ்வு. மழை பெய்தால் முற்றத்து நீர் வெளியேற வழியில்லாமல் சுவர் ஓரம் தேங்குகிறது.

வீட்டில் நுழைந்ததும் ஓதத்தின், அதாவது சுவரில் ஊறிய ஈரத்தின், வாடை. சிமென்ட் பூச்சு முடியும் நான்கடிக் கோட்டுக்கு மேலே, எமல்ஷன் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கீழே வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறி வழி தேடுகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தினால் பின்புறம் கரும்பூஞ்சை. அம்மாவின் பட்டுப் புடவைகளில் பாதி கோத்ரெஜ் பீரோவிலிருந்து மகள் வீட்டுக்குக் குடிபெயர்ந்திருந்தன.

ஹீட்டரின் கணக்கு

ஐயா கணக்குக்குக் கட்டுப்படுகிற மனிதர். படுக்கையறைச் சுவரில் வெப்பமானி மாட்டி, காலையும் இரவும் ஒரு நோட்டில் எழுதி வந்திருக்கிறார். அதனால் அவரிடம் எண்களாகவே பேசினேன்.

படுக்கையறை 16 அடிக்கு 15 அடி, உயரம் 14 அடி. உள்ளே இருக்கும் காற்றின் எடை ஏறத்தாழ 105 கிலோ. அதை 5 டிகிரி சூடாக்க ஒரு யூனிட் மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்கு போதும். இரண்டு கிலோவாட் ஹீட்டர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும் வேலை. ஆனால் அந்தக் காற்றைச் சூழ்ந்திருக்கும் நான்கு சுவர்களின் எடை கதவு ஜன்னல் போக 50 டன்னுக்கு மேல். அதை ஒரே ஒரு டிகிரி உயர்த்த சுமார் 12 யூனிட் வேண்டும், அதுவும் ஒரு துளி வெப்பமும் வெளியே போகாவிட்டால். ஐயா இரவு ஏழு முதல் பதினொன்று வரை ஓட்டும் ஹீட்டர் அந்த அறைக்குத் தருவது 8 யூனிட்.

இது காய்ந்த சுவருக்கான கணக்கு. ஈரச் சுவர் இன்னும் இரண்டு வழியில் வெப்பத்தைத் தின்கிறது. செங்கல்லின் நுண்துளைகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் இருக்கிறது. அசையாத காற்றைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதோடு, சுவரிலிருந்து ஒரு லிட்டர் நீர் ஆவியாக வேண்டுமானால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைந்த அளவு வெப்பம் தேவை. அதைச் சுவர் தன்னிடமிருந்தும் அறையிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஈரப் புடவையைப் போர்த்திக்கொண்டு அடுப்பின் முன் உட்கார்ந்த கதைதான். அடுப்பைப் பெரிதாக்குவது பதில் ஆகாது.

உடலுக்குத் தெரியும் குளிர் காற்றின் வெப்பநிலையால் மட்டும் வருவதில்லை. சுற்றியுள்ள பரப்புகள் குளிர்ந்திருந்தால் உடலின் வெப்பம் அவற்றை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். வெப்பமானி 21 காட்டும்போதும் அம்மா சால்வையை இறுக்கிக்கொண்டதற்கு அதுவே காரணம். ஐயா இதை மூட்டுவலியின் பிரமை என்று வைத்திருந்தார்.

ஓதம் எங்கிருந்து வருகிறது

இதைத் தீர்மானிக்காமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது. ஓதத்துக்கு இரண்டு பிறப்பிடங்கள். ஒன்று, சுவரின் உள்ளேயிருந்து: தரையிலிருந்து ஏறுவது, குழாய் கசிவது, மழை ஊறுவது. மற்றொன்று, அறைக் காற்றின் நீராவி குளிர்ந்த சுவரில் பட்டுப் படிவது. சோதனை எளிது. ஒன்றரை அடிச் சதுர அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் நாடா ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். தாளின் பின்புறம் நனைந்திருந்தால் ஈரம் சுவருடையது. முன்புறம் நனைந்திருந்தால் காற்றுடையது.

கூடத்திலும் படுக்கையறையிலும் அடிப்பகுதியில் பின்புறம் நனைந்தது. சமையலறையை ஒட்டிய சுவரில் இரண்டு புறமும். அந்த முன்புற ஈரம் யோசிக்கவைத்தது. இந்த வீட்டில் விறகடுப்பு இருந்த காலத்தில் சமையலறைக்குத் தனிப் புகைக்கூண்டு இருந்திருக்கிறது. கேஸ் வந்ததும் புகை இல்லையே என்று அதை அடைத்துவிட்டார்கள். புகை இல்லை, ஆவி உண்டு. ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீர் உண்டாகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது 22 லிட்டருக்கு மேல் நீராவி அந்த அறைக்குள் விடப்பட்டிருக்கும், சோறு வெந்த ஆவி தனி. வென்டிலேட்டரும் மூடியிருந்தால் அது எங்கே போகும்?

மகனின் வெப்பத்தடுப்புப் பலகையை நான் மறுத்த இடம் இதுதான். ஈரச் சுவரின் உள்முகத்தைப் பலகையால் மூடினால் அறை சீக்கிரம் சூடாகும், உண்மை. பலகைக்குப் பின்னால் சுவர் முன்பைவிடக் குளிரும், நீராவி இடுக்குகள் வழியே போய் அங்கே படியும், உத்தரங்களின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கும் இடம் ஊறும். ஐந்து ஆண்டு கழித்துப் பலகையை எடுத்தால் உள்ளே கரையானின் குடியிருப்பு இருக்கும். வேறொரு நிறுவனம் சுவரில் துளையிட்டு ரசாயனம் செலுத்தி ஓதத்தை நிறுத்துவதாக விலை கொடுத்திருந்தது. சீரான சாந்து மூட்டுகள் உள்ள சிமென்ட் சுவரில் அது ஓரளவு பலிக்கும். மண் சாந்தில் செங்கல் அடுக்கிய ஒன்றரை அடிச் சுவரில் மருந்து எந்தப் பக்கம் போகும் என்று ஊசி போடுகிறவருக்கே தெரியாது.

வெயில் போன இடம்

இன்னொரு காரணம் வீட்டுக்கு வெளியே நின்றது. தெற்கே பத்தடி இடைவெளியில் முன்பு ஒரு ஓட்டு வீடு இருந்த மனையில் இப்போது 12 மீட்டர் உயர அடுக்ககம். பெங்களூரு 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் டிசம்பர் இறுதியில் உச்சிவேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்து 53 டிகிரி உயரத்திலேயே நிற்கும். 12 மீட்டர்க் கட்டடத்தின் நிழல் அப்போது 9 மீட்டர் விழும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அக்டோபர் கடைசி வாரம் தொடங்கி பிப்ரவரி மூன்றாம் வாரம்வரை இந்த வீட்டின் தெற்குச் சுவருக்கு உச்சி வெயில் கிடையாது. சுவர் காய வேண்டிய மாதங்களும் அவைதான். “அந்தக் காலத்தில் இப்படிக் குளிராது” என்று அம்மா சொன்னபோது எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவர் சொன்னது சரி.

அடுக்ககத்தை ஒன்றும் செய்ய முடியாது. அதன் வடக்குச் சுவருக்கு வெள்ளை அடிக்க அவர்களின் சங்கத்திடம் ஐயா பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். அதனால் வெளிச்சம் கூடியது. வெப்பம் கூடியதாக நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

செய்த வேலைகள்

முதலில் தண்ணீர். சுவரைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சிமென்ட் தளத்தை உடைத்து எடுத்தோம். அடித்தளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகாமல் பள்ளம் பறித்து, துளையிட்ட குழாய் பதித்து, மேலே ஜல்லி நிரப்பி, வீட்டிலிருந்து தள்ளியுள்ள உறிஞ்சு குழிக்கு வாட்டம் கொடுத்தோம். முன்வாசலில் தெரு நீர் ஏறாதபடி ஒரு மேடும் குறுக்கே ஒரு வடிகாலும். மழைநீர்க் குழாய்கள் சுவரடியில் கொட்டியதை மாற்றினோம். இந்த வேலையில் கவர்ச்சி எதுவும் இல்லை. மொத்தச் செலவில் பெரிய பங்கும் இதற்கில்லை. பலனில் பாதி இதனால் வந்தது.

அடுத்து, சிமென்ட் பூச்சை உரித்தல். திருவண்ணாமலைப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் கிடைத்தார். தந்தை காலத்திலிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்தவர். பெங்களூரின் கட்டடங்களை எழுப்புகிறவர்களில் அந்த மாவட்டத்தாரும் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களும் ஏராளம். ஆனால் சுண்ணாம்பு கைவந்தவர்கள் அவர்களிலும் விரல்விட்டு எண்ணும் அளவே. சிமென்ட் பூச்சைத் தட்டியதும் பல இடங்களில் பின்னாலிருந்த மண் சாந்து சேறாகவே வந்தது. “அம்மா, இந்தச் சுவர் அழுதுகொண்டே இருந்திருக்கிறது” என்றார் மேஸ்திரி. “எங்களையும் அழவைத்தது” என்று அம்மா பதில் சொன்னார்.

உரித்த சுவரை உடனே பூசக் கூடாது என்பதில் அவரும் நானும் ஒரே பக்கம், வீட்டார் மறுபக்கம். செங்கல் தெரியும் வீட்டில் எத்தனை மாதம் வாழ்வது? பழைய கட்டடங்களுக்கு ஒரு தோராய விதி உண்டு: மாதம் ஒன்றுக்கு ஓர் அங்குலம் காயும். 18 அங்குலச் சுவர் இரு பக்கமும் காய்ந்தால் ஒன்பது மாதம். நடுவில் மழைக்காலம் வேறு. இந்த ஊரில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை வலுக்கும். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பதுபோல, வானம் வெளுத்த பிறகும் சுவர் நவம்பர் முழுக்கக் கசிந்துகொண்டிருக்கும். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. ஜனவரியில் உரித்து, மே மாத மழைக்கு முன்பு வெளிப்புறம் மட்டும் சுண்ணாம்புக் காரை பூசுவது. உட்புறத்தைத் திறந்தே விட்டு, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பூசுவது. அதுவரை உறவினர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை ஐயா ஏற்றார்.

உள்ளே உரித்த செங்கல்லில் உப்பு பூக்கப் பூக்க அதை உலர்ந்த தூரிகையால் துடைத்து அள்ள வேண்டும். நீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். வீட்டு வேலைக்கு வரும் பெண் நல்லெண்ணத்தோடு ஒரு பக்கச் சுவரைக் கழுவிவிட்டார். அந்தச் சுவர் மற்றவற்றைவிடத் தாமதமாகவே வழிக்கு வந்தது.

காரைக்குச் சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் ஊறவைத்து, மணலும் செங்கல் தூளான சுருக்கியும் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் கலந்தோம். இதைச் சொன்னால் சிலர் பழம்பெருமை என்பார்கள், சிலர் கண்களில் நீர் மல்கும். இரண்டும் தேவையில்லை. சுருக்கி சேர்ந்த சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும். வெல்லம் கலவை சீக்கிரம் வறண்டு வெடிக்காமல் நிதானப்படுத்தும். மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வொன்றையும் ஈரச் சாக்கு போட்டுக் காப்பாற்றினால் போதும். மேலே எமல்ஷன் கூடாது, சுண்ணாம்பு வெள்ளை மட்டும். சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டுகிறதே என்று ஐயா இன்றும் முறையிடுகிறார்; நியாயமான முறையீடுதான், அதற்கு மாற்று என்னிடம் இல்லை.

கூரையைப் பற்றிச் சுருக்கமாக. மங்களூர் ஓடு, 1860களில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் தொடங்கிய தொழில். ஓடு ஒன்று இரண்டரைக் கிலோ அளவு, சதுர மீட்டருக்கு 15 ஓடு. உடைந்தவற்றுக்கு மாற்று வாங்கும்போது பின்புறத்து முத்திரையைப் பார்த்து அதே தொழிற்சாலையின் ஓட்டைத் தேட வேண்டும். ஒரு தொழிற்சாலை ஓட்டின் பள்ளம் மற்றொன்றின் மேட்டோடு சரியாகப் பூட்டாது. இடிக்கும் வீடுகளின் சாமான் விற்கும் கடைகளில் பொறுமையாகத் தேடினால் கிடைக்கிறது. இரு சரிவுகள் சேரும் கூடல்வாயில் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது, மாற்றினோம். ஓட்டு அறைகளில் சூடு ஓட்டின் இடுக்குகள் வழியே நேரே வானத்துக்குப் போகிறது. அதனால் கைமரங்களுக்குக் கீழே மெல்லிய மரப்பலகை அடித்தோம்; பலகைக்கும் ஓட்டுக்கும் நடுவே காற்றோட்டம் விட்டோம்.

கூடத்து மெட்ராஸ் டெரஸுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டால் உயரம் குறையும், சூடு நிற்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சாய்வரிசையில் குத்திட்டு நிறுத்தி, சுண்ணாம்புக் கான்கிரீட்டும் தட்டோடும் பரப்பிய தளம் அது. உத்தரங்களின் நிலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் பராமரிப்பு. மூடினால் உளுப்பது தெரியாது. உண்மையிலேயே இரண்டு உத்தரங்களின் முனை, ஈரச் சுவருக்குள் இருந்த பகுதி, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் மாவாக உதிர்ந்தது. இரு பக்கமும் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் முறுக்கி, அடியில் கல் தாங்கி கொடுத்தோம். மங்கி டாப்பின் பலகைகளிலிருந்து எனாமல் பெயின்ட்டைச் சுரண்டி ஆளி விதை எண்ணெய் பூசினோம். கரையானுக்குச் சுவரோரம் அடிக்கு ஒரு துளையிட்டு மருந்து செலுத்தினோம்; ஓதம் நிற்காமல் அந்த மருந்தை மட்டும் நம்புவது வீண்.

கணப்பும் கரியும்

நான் முதலில் பேசியபோது அம்மா சாதாரணமாகச் சொன்ன ஒரு செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது. மின்சாரம் போன இரவுகளில் மண்சட்டியில் கரி மூட்டிப் படுக்கையறையில் வைத்துக்கொண்டு, குளிர் வராமல் கதவையும் மூடிக்கொண்டிருக்கிறார்கள். எரியும் கரி கார்பன் மோனாக்சைடு வெளிவிடும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்ளும். தூக்கத்தில் இருப்பவர் எழுந்திருக்க வேண்டும் என்று தெரியாமலேயே போய்விடுவார். அவர்களைக் காப்பாற்றியது கூரை ஓடுகளின் இடுக்குகள்தான் என்று நினைக்கிறேன். கூரைக்குக் கீழே பலகை அடித்த பிறகு அதே பழக்கம் தொடர்ந்திருந்தால் இந்தக் கட்டுரையின் தொனி வேறாக இருந்திருக்கும். அன்றைக்கே சட்டியை வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன்.

கூடத்துக் கணப்பு அடுப்பை மீண்டும் எரியவிட வேண்டும் என்பது பேரப்பிள்ளைகளின் ஆசை. பிளைவுட்டை அகற்றினால் புகைபோக்கிக்குள் காக்கைக் கூட்டின் குச்சிகளும் உதிர்ந்த காரையும் கூடை கூடையாக இறங்கின. சுத்தம் செய்து, கீழே புகையெழுப்பிச் சோதித்தால் கூரை மட்டத்தில் சுவரின் விரிசல் வழியே புகை கசிந்தது. உள்பூச்சு புதுப்பிக்காமல் அங்கே தீ மூட்டக் கூடாது. புதுப்பித்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். திறந்த கணப்பில் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். கதவிடுக்கு வழியே குளிர்காற்று அந்த இடத்தை நிரப்பும். தீயின் எதிரே முழங்கால் வேகும், முதுகு நடுங்கும். வீட்டில் இழுப்பு உள்ளவர் இருக்கும்போது விறகுப் புகை வேறு எதற்கு?

ஆனால் புகைபோக்கியை அடைக்கவும் இல்லை. மேலே மழை புகாத மூடியும் பறவை வலையும் வைத்து, கீழே திறந்து மூடும் தகடு பொருத்தினோம். பகலில் தகட்டைத் திறந்தால் கூடத்தின் ஈரக் காற்று மேலே போகிறது, இரவில் மூடிவிடலாம். சமையலறையின் பழைய புகைக்கூண்டையும் திறந்து எக்ஸாஸ்ட் விசிறி வைத்தோம். கணப்பு அடுப்பு இந்த வீட்டுக்குச் செய்யக்கூடிய பெரிய சேவை எரிவதல்ல, மூச்சு விடுவது.

மின்சாரம்

ஹீட்டர் செருகியிருந்த இடம் பழைய 5 ஆம்பியர் வட்ட முள் சாக்கெட், நடுவில் ஒரு அடாப்டர். 2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டின் முகம் பழுப்பேறியிருந்தது, தேக்குப் பட்டைக்குள் ஓடும் கம்பியின் ரப்பர் உறை தொட்டால் பொடிந்தது, எர்த் இல்லை. ஓதமுள்ள சுவரில் இது எந்த நாளும் தீப்பிடிக்கலாம், இல்லையென்றால் ஆளை அடிக்கலாம். ஹீட்டருக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் தனி இணைப்பு, 16 ஆம்பியர் சாக்கெட், முறையான எர்த், மின்சாரம் கசிந்தால் இணைப்பை அறுக்கும் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான். மற்ற எதையும் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

சூடு

இப்போதுதான் சூடாக்குவது பற்றிய பேச்சு. ஐயாவின் நோட்டைப் புரட்டியபோது இன்னொன்று தெரிந்தது. அவர்கள் காலை ஆறு மணிக்கு எல்லா ஜன்னல்களையும் திறந்து, பதினொரு மணிக்குத் தூசிக்குப் பயந்து மூடிவிடுகிறார்கள். அதாவது 15 டிகிரிக் காற்றை வரவேற்று, 27 டிகிரிக் காற்றை வாசலிலேயே நிறுத்துகிறார்கள். ஒன்றரை அடிச் செங்கல் சுவர் பகலில் வாங்கும் வெப்பத்தை உள்ளே கொண்டுவந்து சேர்க்க ஏறக்குறைய அரைநாள் எடுத்துக்கொள்ளும். காய்ந்த சுவருக்கு இது குறையல்ல. நண்பகல் வெப்பம் நள்ளிரவில் வந்து சேர்கிறது, வேண்டிய நேரத்தில். ஆகவே பழக்கத்தைத் திருப்பினோம்: காலையில் சமையலறையும் குளியலறையும் மட்டும் சிறிது நேரம் திறந்திருக்கும், பதினொன்று முதல் நாலரை வரை எல்லாம் திறந்திருக்கும், வெயில் சாயுமுன் மூடி, திரையும் போட வேண்டும். வென்டிலேட்டர் கண்ணாடிகளை எடுத்து, கயிறு இழுத்தால் மூடும் பழைய மாதிரி மரத் தகடுகளைப் பொருத்தினோம்.

காவித் தரைக்குப் பவானி ஜமக்காளம், கட்டிலைச் சுற்றித் தேங்காய் நார் விரிப்பு. அம்மாவுக்கு மெத்தை மேல் விரிக்கும் மின் போர்வை. அது 100 வாட்டுக்குள் அடங்குவது, இரவு முழுதும் போட்டாலும் ஒரு யூனிட் ஆகாது. ஆளைச் சூடாக்குவது மலிவு, அறையைச் சூடாக்குவது செலவு. ஐயா அதைத் தனக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

அதையும் தாண்டி மிகக் குளிரும் இரவுகளுக்குப் படுக்கையறையில் சூடும் குளிரும் தரும் இன்வெர்ட்டர் ஏ.சி. வைத்தோம். ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம் தரும். இது வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இறைப்பதால், பெங்களூரின் 15 டிகிரி இரவில் ஏறத்தாழ மூன்று யூனிட் தரும். வெளியே வைக்கும் கருவியை மண் சாந்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட பொருத்த வந்தவர்கள் முனைந்தார்கள். அந்தச் சுவரில் போல்ட் பிடிக்காது, ஆடி ஆடிக் கழன்று வரும். தரையில் இரும்புத் தாங்கி வைத்து அமர்த்தினோம். சூடாக்கும்போது அந்தக் கருவி வெளியே நீர் சொட்டும். சொட்டும் குழாயை ஜல்லிப் பள்ளத்தையும் தாண்டிக் கொண்டுபோய்விட்டோம். சுவரடியில் விழவிட்டிருந்தால் மேஸ்திரி என் முகத்தில் விழித்திருக்க மாட்டார்.

பலன்

உள்பூச்சு முடியுமுன் வந்த முதல் குளிர்காலத்திலேயே ஐயாவின் நோட்டில் மாற்றம் தெரிந்தது. வெளியே அதே 15, 16 டிகிரி காட்டிய அதிகாலைகளில், ஹீட்டர் போடாத அறை முந்தைய ஆண்டைவிட இரண்டு டிகிரி கூடுதலாக இருந்தது. இரண்டு டிகிரி பெரிய எண் அல்ல. சுவரும் சேர்ந்து அவ்வளவு ஏறியதால் உடம்புக்கு அதைவிடக் கூடுதலாகத் தெரிகிறது. கூடத்து ஹீட்டரைச் செருகவே இல்லை. பட்டுப் புடவைகள் திரும்பி வந்தன. மூட்டுவலி குறைந்ததா என்று கேட்டேன். “வலி இருக்கிறது, நடுக்கம் இல்லை” என்றார் அம்மா.

இனி ஆண்டுதோறும் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஏப்ரலில் ஓடும் கூடல்வாயும் பார்ப்பது, மே மழைக்கு முன் வடிகால் ஜல்லியைக் கிளறிச் சருகு அகற்றுவது, தீபாவளிக்குப் பிறகு சுவரடியில் அலுமினியத் தாள் சோதனை, தை மாதம் சுண்ணாம்பு வெள்ளை. ஐயா அதைப் பார்த்துவிட்டு உத்தர முனைகளைக் குத்திப் பார்ப்பதையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

முடியாத வேலை ஒன்று மீதமிருக்கிறது. குளியலறையின் வடக்குச் சுவரில் டைல்ஸுக்குப் பின்னால் புதைத்த வெந்நீர்க் குழாய் எங்கோ கசிகிறது. தாளின் பின்புறம் அங்கே இன்னும் நனைகிறது. டைல்ஸை உடைத்துக் குழாயை வெளிப்புறமாகக் கொண்டுவர வேண்டும். வெளியே ஓடும் குழாய் அசிங்கம் என்று அம்மா சம்மதிக்கவில்லை. மார்ச்சில் மகன் வரும்போது பேசி முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மேஸ்திரியிடம் அந்த மாதத்தின் இரண்டாம் பாதியைக் கேட்டு வைத்திருக்கிறேன்.